சிங்கம் பார்க்க ஆப்பிரிக்கா போறீங்களா? வில்டபீஸ்ட்டையும் கொஞ்சம் கவனிங்க!

கென்யாவின் மாசாய் மாராவிலோ, அதை ஒட்டியுள்ள தான்சானியாவின் செரெங்கெட்டியிலோ மாலை சஃபாரி முடிந்து விடுதிக்குத் திரும்பும் பயணிகளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அஞ்சும் பார்த்தாச்சா?"

'பிக் ஃபைவ்' என்று சொல்லப்படும் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகியவைதான் அந்த ஐந்து. விளம்பரம், டி-ஷர்ட், சாவிக்கொத்து என எங்கும் இவைதான். ஆனால், இந்தப் பட்டியலைப் போட்டவர்கள் சுற்றுலாக்காரர்கள் அல்ல, வேட்டைக்காரர்கள். தரையில் நடந்து போய்ச் சுடும்போது, திருப்பித் தாக்கி ஆளைக் கொல்லக்கூடிய விலங்குகள் எவை என்று அவர்கள் வைத்திருந்த கணக்கு அது. கென்யா 1977-லேயே வேட்டைக்குத் தடை போட்டுவிட்டது. துப்பாக்கி போய் கேமரா வந்துவிட்டது. பட்டியல் மட்டும் மாறவில்லை.

இதனால் ஒரு சிக்கல். ஐந்தையும் 'டிக்' அடிக்கும் அவசரத்தில், இந்தப் புல்வெளி முழுவதையும் இயக்கிக்கொண்டிருக்கும் விலங்கைப் பலர் சரியாகப் பார்ப்பதே இல்லை. அதுதான் வில்டபீஸ்ட். மாட்டுத் தலை, குதிரை வால், ஆட்டுத்தாடி என்று பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும். மாடு மாதிரி தெரிந்தாலும் அது மான் வகைக்கு நெருங்கிய சொந்தம். அதன் கதைக்குப் போவதற்கு முன், ஐந்து பேரையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

எதைப் பார்க்கலாம், எது கஷ்டம்?

முதலில் ஒரு விஷயம். "புலி எங்க இருக்கும்?" என்று கேட்காதீர்கள். ஆப்பிரிக்கக் காடுகளில் புலி கிடையாது. அது ஆசியாவின் விலங்கு.

யானையும் காட்டெருமையும் எளிதாகக் கண்ணில் படும். ஆப்பிரிக்க யானைக்குக் காது மிகப் பெரியது. நம் ஊர்ப் பெண் யானைக்கு வெளியே நீட்டிய தந்தம் இருக்காது. அங்கே பொதுவாக ஆண், பெண் இரண்டுக்குமே உண்டு. தும்பிக்கை நுனியில் விரல் போன்ற நீட்சி நம் யானைக்கு ஒன்று, அதற்கு இரண்டு. காட்டெருமை என்றதும் நீலகிரி தேயிலைத் தோட்டங்களில் நிற்கும் விலங்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது காட்டுமாடு. ஆப்பிரிக்கக் காட்டெருமை வேறு இனம். வயதான ஆண்களுக்கு இரண்டு கொம்பும் நெற்றியில் சேர்ந்து ஹெல்மெட் போட்டதுபோல் இருக்கும்.

சிங்கத்தைப் பார்ப்பதும் மாராவில் பெரிய சிரமமில்லை. ஆனால், ஒரு நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் பிராணி அது. வண்டி போய் நின்றால் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும், மறுபடி மூடிக்கொள்ளும். "அட, இவ்வளவுதானா?" என்று தோன்றினால் ஆச்சரியமில்லை. விடியற்காலையில் கிளம்பச் சொல்வது இதனால்தான்.

காண்டாமிருகம் கஷ்டம். 1970 வாக்கில் ஆப்பிரிக்கா முழுவதும் சுமார் 65,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. கொம்புக்காகக் கொன்று தீர்த்ததில் 1990-களின் நடுவில் 2,500-க்கும் கீழே போய்விட்டது. இப்போது மெல்ல ஏறி 6,000-ஐத் தாண்டியிருக்கிறது. கென்யாவில் நகுரு ஏரிப் பூங்கா, தான்சானியாவில் இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளம் ஆகிய இடங்களில் வாய்ப்பு அதிகம்.

சிறுத்தைதான் எல்லாரையும் குழப்பும். வால்பாறையில் வரும் அதே இனம்தான் அங்கும். பகலில் மரக்கிளையில் தொங்கும் வாலை வைத்துத்தான் வழிகாட்டிகள் கண்டுபிடிப்பார்கள். பல பயணிகள் 'சிறுத்தை பார்த்தோம்' என்று காட்டும் படத்தில் இருப்பது உண்மையில் சீட்டா. உடம்பில் பூப்போல வளைய வளையமாக இருந்தால் சிறுத்தை. முழுப் புள்ளியும், கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்ததுபோல் கறுப்புக் கோடும் இருந்தால் சீட்டா. தமிழில் இதற்குச் சிவிங்கி என்றே தனிப் பெயர் உண்டு. ஒட்டகம் போல உயரமும், சிவிங்கி போலப் புள்ளியும் இருப்பதால்தான் ஒட்டகச்சிவிங்கிக்கு அந்தப் பெயர். நமீபியாவிலிருந்து 2022-ல் மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டவையும் இந்தச் சிவிங்கிகள்தான். இந்தியாவில் இருந்தவை 1950-களுக்குள் அழிந்துபோயிருந்தன.

வேகத்தில் முதலிடம் என்றாலும் சீட்டா வேட்டையாடுவோரின் ஐந்தில் இல்லை. அதனால் மனிதனுக்கு ஆபத்தில்லை என்பதே காரணம். நீர்யானையும் ஒட்டகச்சிவிங்கியும்கூட இல்லை.

13 லட்சம் பேர் நடக்கும் பாதை

செரெங்கெட்டி-மாரா பகுதியில் சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்கள் இருக்கின்றன. கூடவே சுமார் 2 லட்சம் வரிக்குதிரைகள், லட்சக்கணக்கில் கெசல் மான்கள். ஆண்டு முழுவதும் மழையைத் தேடி இவை சுற்றி வருகின்றன. செரெங்கெட்டி பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். மாசாய் மாரா காப்பகம் அதில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு, 1,510 சதுர கிலோமீட்டர்தான். நாட்டு எல்லை விலங்குகளுக்குத் தெரியாது என்பதால் ஒரே மந்தை இரண்டு நாட்டுக்கும் சொந்தம்.

எதற்கு இந்த அலைச்சல்? ஒரே இடத்தில் இருந்துவிடலாமே?

தெற்கு செரெங்கெட்டியின் மண் எரிமலைச் சாம்பலால் ஆனது. அங்கே முளைக்கும் குட்டைப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அதுதான் வேண்டும். ஆனால் மழை நின்றால் அந்தச் சமவெளியில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. வடக்கே மாரா பக்கம் வறட்சியிலும் ஆறு ஓடும், புல்லும் இருக்கும். ஆனால் சத்து குறைவு. சாப்பாடு ஓரிடம், தண்ணீர் ஓரிடம். நடந்துதான் ஆக வேண்டும்.

பிப்ரவரி வாக்கில் தெற்கே எண்டுட்டு பகுதியில் கன்று ஈனும் காலம். பெரும்பாலான தாய்கள் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் ஒன்றாக ஈன்றுவிடும். லட்சக்கணக்கான கன்றுகள் ஒரே நேரத்தில் தரைக்கு வந்தால், சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்ன முடியும்? பத்து நிமிடத்துக்குள் எழுந்து நிற்கும் கன்று, கொஞ்ச நேரத்தில் தாயோடு ஓடவும் செய்யும். எழுந்திருக்கத் தாமதித்த கன்றின் பாடு திண்டாட்டம்தான்.

கழுதைப்புலி பற்றி ஒரு வார்த்தை. செத்ததைத் தின்னும் கோழை என்று அதற்குக் கெட்ட பெயர். ஆனால், 1960-களில் இங்கே ஆய்வு செய்த ஹான்ஸ் க்ரூக், புள்ளிக் கழுதைப்புலிகள் தங்கள் இரையில் பெரும்பகுதியைத் தாங்களே இரவில் ஓடி வேட்டையாடுகின்றன என்று காட்டினார். அவை கொன்றதைச் சிங்கம் வந்து பிடுங்கிக்கொள்வதும் சகஜம். காலையில் போகும் பயணி, சிங்கம் தின்பதையும் கழுதைப்புலி சுற்றி நிற்பதையும் பார்த்துவிட்டு, யார் திருடன் என்று தப்பாக முடிவு செய்கிறார்.

ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மந்தை மாரா ஆற்றைக் கடக்கும். டிவியில் நாம் எல்லாரும் பார்த்த காட்சி இதுதான். முதலை வாயில் சிக்குவதைவிட நெரிசலிலும் வெள்ளத்திலும் மூழ்கிச் சாவதே அதிகம். 2017-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்கள் இந்த ஆற்றில் மூழ்கி இறக்கின்றன. எடை சுமார் 1,100 டன். சதை சில வாரங்களில் கரைந்து மீனுக்கும் பிணந்தின்னிக் கழுகுக்கும் போய்விடும். எலும்பு கரைய ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அதன் சத்து சிறுகச் சிறுக ஆற்றில் கலந்துகொண்டே இருக்கும்.

இந்தியாவிலிருந்து போன நோய்

இந்தப் பிரம்மாண்டத்தைப் பார்ப்பவர்கள், ஆதிகாலம் முதல் இது இப்படியே இருக்கிறது என்று நினைப்பார்கள். இல்லை. 1961 கணக்கெடுப்பில் இங்கிருந்த வில்டபீஸ்ட்கள் சுமார் 2.6 லட்சம்தான்.

காரணம், நம் கிராமங்களில் பெரியவர்களுக்குத் தெரிந்த ஒரு மாட்டு நோய்: வெக்கை நோய். 1880-களின் இறுதியில் இத்தாலியப் படைகளுக்காக எரித்திரியாவுக்குக் கப்பலில் வந்த மாடுகள் வழியாக இது ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பத்தே ஆண்டுகளில் நோய் கண்டத்தின் தென்முனை வரை போய்விட்டது. பல இடங்களில் பத்தில் ஒன்பது மாடு செத்தது. மாட்டை நம்பி வாழ்ந்த மாசாய் மக்கள் பட்டினியில் மடிந்தார்கள். காட்டெருமையும் வில்டபீஸ்ட்டும் கூட்டம் கூட்டமாக விழுந்தன. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் இளங்கன்றுகளை அது கொன்றுகொண்டே இருந்தது.

கென்யாவில் வேலை பார்த்த ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் வால்டர் பிளவ்ரைட், மலிவான, நம்பகமான தடுப்பூசியை உருவாக்கினார். செரெங்கெட்டியைச் சுற்றியிருந்த ஊர் மாடுகளுக்கு ஊசி போடப்பட்டது. காட்டு விலங்கு ஒன்றுக்குக்கூடப் போடவில்லை. ஆனால் 1963 வாக்கில் நோய் வில்டபீஸ்ட்டிடமிருந்தும் மறைந்துவிட்டது. காட்டிலிருந்து மாட்டுக்கு நோய் வருகிறது என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். நடந்தது நேர்மாறு. மாடுதான் அதைக் காட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

1977-க்குள் எண்ணிக்கை 13 லட்சத்தைத் தொட்டது. அதன் விளைவுகள்தான் இன்னும் சுவாரஸ்யம். இத்தனை வாய்கள் மேய்ந்ததால் காய்ந்த புல் குறைந்தது, காட்டுத்தீ குறைந்தது, எரியாமல் தப்பிய மரக்கன்றுகள் வளர்ந்தன. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் இரை பெருகியது. இன்று செரெங்கெட்டியில் பல இடங்களில் தெரியும் மர நிழலுக்குப் பின்னால் ஒரு மாட்டு ஊசி இருக்கிறது. 2011-ல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது.

இப்போது என்ன ஆபத்து?

நோய் போனாலும் பாதை அடைபடுகிறது. மாராவின் வடகிழக்கே லொய்ட்டா சமவெளியில் இன்னொரு வில்டபீஸ்ட் கூட்டம் இருந்தது. 1977-ல் சுமார் 1,19,000. அவை கன்று ஈனும் இடங்கள் கோதுமை வயல்களாக மாறியதில், இருபதே ஆண்டுகளில் 22,000 ஆகச் சுருங்கிவிட்டன. அதே பகுதியில் நிலங்கள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு வேலி போடப்படுகின்றன. வேலி போட்டவரைக் குறை சொல்வதும் எளிதல்ல. 1959-ல் செரெங்கெட்டிப் பூங்காவுக்காக மாசாய் மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நிலத்துக்குப் பட்டா கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மாராவைச் சுற்றி மாசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தை வேலி போடாமல் வைத்திருக்க, சுற்றுலா நிறுவனங்கள் மாத வாடகை தரும் ஏற்பாடு இதற்கு ஒரு பதில். 'கன்சர்வன்சி' என்று இந்த இடங்களுக்குப் பெயர். இங்கே வண்டிக் கூட்டம் குறைவு. காப்பகத்துக்குள் அனுமதிக்கப்படாத இரவு சஃபாரியும் நடைப்பயணமும் இங்கே உண்டு. கட்டணம் கூடுதல்தான்.

செரெங்கெட்டியின் வடபகுதியைக் குறுக்கே வெட்டி நெடுஞ்சாலை போட தான்சானியா அரசு 2010-ல் திட்டமிட்டது. கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் 2014-ல் பூங்காவுக்குள் தார்ச்சாலை போடுவதற்குத் தடை விதித்தது.

பயணிகளும் இதில் அப்பாவிகள் இல்லை. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று மாராவில் விதி இருக்கிறது. வயர்லெஸ்ஸில் 'சீட்டா' என்று ஒரு குரல் கேட்டால் போதும், முப்பது வண்டி கூடிவிடும். 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்வது: வண்டிகள் குறைவான பகுதியில் ஒரு தாய்ச் சிவிங்கி சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வண்டிகள் நெருக்கும் பகுதியில் 0.2. அதாவது ஐந்து தாய்க்கு ஒரு குட்டி. "கிட்ட போங்க, கிட்ட போங்க" என்று டிரைவரை நச்சரிப்பதற்கு முன் இந்தக் கணக்கு ஞாபகம் வந்தால் நல்லது. டிப்ஸுக்குப் பயந்து அவர் மறுக்க மாட்டார்.

எப்போது போகலாம்?

ஆறு கடப்பதைப் பார்க்க ஜூலை முதல் அக்டோபர் வரை, மாரா அல்லது வட செரெங்கெட்டி. ஆனால், மந்தை இன்று இறங்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கரையில் நாலு மணி நேரம் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போகும் மந்தைகள் உண்டு. கன்று ஈனும் காலம் பார்க்க ஜனவரி இறுதி முதல் மார்ச் தொடக்கம் வரை, தெற்கு செரெங்கெட்டி. ஏப்ரல், மே பெருமழை. பாதைகள் சேறாகிவிடும், கட்டணமும் இறங்கிவிடும்.

கென்யா போகும் இந்தியர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் அவசியம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அது இல்லாமல் திரும்பி வந்தால், இங்கே விமான நிலையத்திலிருந்தே 6 நாள் வரை தனிமைப்படுத்தப்பட வாய்ப்பிருக்கிறது.