காயலில் இரண்டு நாட்கள்

ஓய்வு என்றதும் நம் குடும்பங்களில் உதகை, கொடைக்கானல், மூணாறு என்றே பேச்சுத் தொடங்குகிறது. விடுதி வாடகை, வாகன வாடகை, உணவுச் செலவு எனக் கணக்குப் பார்த்து முடிப்பதற்குள் பாதிப் பேர் பயணத்தையே கைவிட்டு விடுகிறோம். மீதிப் பேர் போய்வந்து, அந்தக் களைப்புத் தீர மேலும் இரண்டு நாள் விடுப்பு எடுக்கிறோம். உடலுக்கும் கண்ணுக்கும் குடும்பத்தாருக்கும் நம்மீது உரிமை உண்டென்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போதித்திருக்க, அந்த உரிமையை எங்கே, எவ்வாறு செலுத்துவது என்பதை நாம் ஆற அமர யோசிப்பதில்லை. அண்மையில் ஒரு வார இறுதியைச் சிற்றூர் ஒன்றில், சொந்த பந்தங்களுக்கிடையே கழித்துவிட்டு வந்தோம். அந்த அனுபவத்தை வாசக சகோதர சகோதரிகளுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் வசிப்பது சென்னை தரமணியில். ஒருபுறம் பறக்கும் ரயில், மறுபுறம் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள், நள்ளிரவிலும் ஓயாத பழைய மகாபலிபுரம் சாலை. இவற்றுக்கிடையே ஆறாவது மாடியில் வாடகை வீடு. நான், என் துணைவி, பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், இவர்களோடு என் மாமியார். மாமியின் ஊர் காயல்பட்டினம். எனக்கும் அதுவே பூர்வீகம் என்றாலும், மூன்று வயதில் சென்னைக்கு வந்துவிட்ட நான் அங்கே விருந்தாளியாகவே போய்வந்தவன்.

சென்னையில் சொந்த வீடு வேண்டும். வட்டிக் கடன் வாங்க மனமில்லை. மாமி எங்களோடு வந்துவிட்ட பிறகு ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது. அதை விற்றால் இங்கே ஒரு வீட்டுக்குப் பாதித் தொகையாவது தேறும் என்பது என் எண்ணம். தரகர் ஒருவரும் விலை சொல்லியிருந்தார். ஆகவே, "இரண்டு நாள் ஓய்வாக ஊருக்குப் போய் வருவோம்" என்று வீட்டில் சொன்னாலும், என் கைப்பையில் வீட்டுப் பத்திரத்தின் நகலும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ரயில் பயணம்

ரஜப் மாதத்து புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நிறைவுற்று, ஊர் சற்றே ஓய்ந்திருந்த நேரம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஆட்டோவில் எழும்பூர் சென்று, திருச்செந்தூர் விரைவு ரயிலைப் பிடித்தோம். பிற்பகலில் புறப்படும் இந்த வண்டி கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை வழியாக இரவெல்லாம் ஓடி, நெல்லையைத் தாண்டும்போது விடியத் தொடங்குகிறது. அதன்பின் தாமிரபரணியின் வாழைத் தோட்டங்களும் நெல் வயல்களும்.

ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வண்டி நின்றபோது மாமி ஜன்னலோரம் வந்து அமர்ந்தார்கள். காரணம் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் சாதாரணமாக ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அது அதிகம். அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இதே ரயில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. தண்டவாளத்தின் அடியிலிருந்த கல்லும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டன. மீட்புப் படை வந்து சேரும்வரை அந்தப் பயணிகளுக்கு உணவு சமைத்துக் கொடுத்தவர்கள் அருகிலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள். தங்கள் வீட்டு அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து கோயில் வளாகத்தில் சமைத்துப் போட்டார்கள். யார், எந்த மதம் என்று அவர்கள் விசாரிக்கவில்லை.

அதே இரவில் காயலில் மாமியின் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். தனியே இருந்த அவர்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைத்தாங்கலாக மாடி வீடொன்றுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். 2024 ஜனவரியில் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியதும் நான் சென்று அவர்களைத் தரமணிக்கு அழைத்து வந்தேன். அதற்குப் பிறகு இப்போதுதான் ஊர் திரும்புகிறார்கள்.

முடுக்கு என்னும் பெண்கள் பாதை

காயல்பட்டினம் தூத்துக்குடியிலிருந்து தெற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில், மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த ஊர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 40,000. சதுக்கைத் தெரு, கோமான் தெரு, தீவுத் தெரு, குத்துக்கல் தெரு, சொளுக்கார் தெரு எனப் பழம்பெயர் மாறாத நீண்ட தெருக்கள். ஒவ்வொரு தெருவுக்கும் பள்ளிவாசலோ தைக்காவோ அண்மையில் இருக்கும். ஒரு பள்ளியின் பாங்கோசை ஓய்வதற்குள் அடுத்த பள்ளியின் பாங்கு தொடங்கிவிடுகிறது.

வெளியூரார் அறிய வேண்டிய சிறப்பொன்று இவ்வூரில் உண்டு. வீடுகளுக்கிடையே ஒடுங்கிய சந்துகள் செல்கின்றன. இவற்றுக்கு முடுக்கு என்று பெயர். இவை பெண்களுக்கான பாதைகள். தெருவுக்கு வராமலேயே தாய் வீடு, சகோதரி வீடு, பெண்கள் தைக்கா என எங்கும் போய்வரலாம். எதிரே பெண்கள் வருவதைக் கண்டால் ஆண்கள் ஒதுங்கிக்கொள்வது ஊர் மரபு. காயலைச் சுற்றிப் பார்க்க வரும் சகோதரர்கள் புகைப்படக் கருவியும் கையுமாக முடுக்குக்குள் நுழையாதிருப்பது நலம்.

பள்ளிப் பருவத்தில் இந்த முடுக்குகளை நான் வேறு விதமாக எண்ணியிருந்தேன். பெண்களை மறைத்து வைக்கும் ஏற்பாடு என்றே கருதினேன். அந்த எண்ணத்தில் முழு உண்மையில்லை என்பதை இம்முறை என் மாமியே எனக்குக் காட்டினார்கள். தரமணியில் அவர்கள் தனியே லிஃப்டில் ஏற அஞ்சுவார்கள். எதிர்வீட்டார் பெயர் தெரியாது. தொழுகை, தஸ்பீஹ், ஜன்னல் என்று நாள் கழியும். இரண்டு ஆண்டுகளில் பேச்சே குறைந்துவிட்டது. வயதின் தளர்ச்சி என்று நாங்கள் மருத்துவரிடமும் காட்டி வந்தோம். ஆனால் காயலில் இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள், காலைப் பசியாற உட்கார்ந்த என் மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக அவர்கள் முடுக்கில் இறங்கிவிட்டார்கள். லுஹருக்குள் ஏழு வீடுகள்! திரும்பி வந்த மகள், "வாப்பா, கண்ணும்மாவுக்கு இங்கே எல்லா வீட்டுக் கதவும் தெரியும்" என்றாள். ஊன்றுகோல் திண்ணையிலேயே கிடந்தது.

மற்றொரு மரபையும் சொல்ல வேண்டும். இங்கே திருமணத்துக்குப் பின் பெண் மாமியார் வீட்டுக்குச் செல்வதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கே கொடுக்கப்படுகிறது. கணவர் கொழும்பிலோ ஹாங்காங்கிலோ வாணிபம் செய்ய, மனைவி தன் தாயோடும் சகோதரிகளோடும் சொந்த வீட்டில் அச்சமின்றி வாழ்ந்த காலத்தின் ஏற்பாடு இது. பெண் மக்கள் பலரைப் பெற்ற ஏழைத் தகப்பனுக்கு ஒவ்வொருவருக்கும் வீடு கட்டித் தருவது தாங்க முடியாத சுமை என்பதும் உண்மை. அந்தச் சுமையால் திருமணம் தள்ளிப்போகும் குமர்கள் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் இதைச் சிந்தித்தே ஆக வேண்டும்.

கழிமுகத்தின் கதை

காயல் என்றால் கடலை ஒட்டிய கழி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகளும் பிற பண்டங்களும் வந்திறங்கும் துறைமுகமாகக் 'காயல்' என்னும் நகரைக் குறிப்பிடுகிறார். அது வடக்கேயுள்ள பழைய காயலே என்று கால்டுவெல் கருதினார். எதுவாயினும், பாண்டியரின் குதிரை வாணிபமும் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பும் இக்கரை முழுவதையும் வாழவைத்தன. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கரையைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போனது. கொற்கையும் பழைய காயலும் உள்நாட்டு ஊர்களாயின. துறைமுகம் போனபின்னும் காயல் மக்கள் கடல் கடந்து போவதை மட்டும் விடவில்லை.

கல்வியிலும் தமிழிலும் ஊரின் பங்கு பெரிது. கீழக்கரையில் அடங்கியுள்ள மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் பிறந்தது இங்கேதான். அருணகிரியாரின் சந்தத்தில் நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவரும் இவ்வூரார். சனிக்கிழமை அஸருக்கு முன் மகனை அழைத்துக்கொண்டு பெரிய குத்பா பள்ளிக்குச் சென்றேன். கல்தூண்களின் நிழலில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்காத பிள்ளை, தூண்களை எண்ணிக்கொண்டே தூங்கிவிட்டான்.

கடற்கரை மாலை

காயல்பட்டினத்தாருக்குக் கடற்கரைதான் மாலை நேரத்துக் கூடம். அகன்ற மணல்வெளியில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து பேசுகிறார்கள். பெண்கள் தனித்தனி வட்டங்களாக அமர்ந்திருக்கிறார்கள். சுண்டல், கட்லெட் விற்பவர்களும் உண்டு. சென்னைக் கடற்கரையின் நெரிசல் இல்லை; ராட்டினச் சத்தமும் இல்லை. மஃரிபுக்குப் பாங்கு கேட்டதும் கூட்டம் எழுந்து கலைகிறது.

அன்றிரவு உறவினர் வீட்டில் விருந்து. நெய்ச்சோறு, களறிக் கறி, கத்தரிக்காய் மாங்காய். பெரிய சஹனில் மூவர் மூவராக அமர்ந்து உண்டோம். என் மகனும் நானும் எண்பது வயது முதியவர் ஒருவரும் ஒரே சஹனில். தன் பக்கத்துக் கறித்துண்டுகளை அவர் சத்தமில்லாமல் பிள்ளையின் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். தரமணியில் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு கைப்பேசி என்று சாப்பிடும் எங்களுக்கு அது ஒரு பாடம். மறுநாள் காலை தேநீருடன் தம்மடையும் வாடாவும் அடுத்தடுத்த வீடுகளிலிருந்து வந்து சேர்ந்தன, முடுக்கு வழியாகவே.

மாமியின் சொல்

ஞாயிறு லுஹருக்குப் பின் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வெள்ளம் நின்ற உயரத்துக்குச் சுவரில் கறை. அடிப்பூச்சு உதிர்ந்திருந்தது. கதவொன்று உப்பிப்போய்ச் சாத்த முடியவில்லை. விற்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா என்று எண்ணிக்கொண்டு நின்றபோது மாமி வந்தார்கள்.

"மாப்பிள்ளை, பையிலே இருக்கிற பத்திரத்தை எடுங்க, பேசுவோம்" என்றார்கள். எனக்குப் பேச்சு எழவில்லை. அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"விக்கணும்னா வித்துக்கோங்க. உங்க பிள்ளைங்க சொத்துதான். நான் குறுக்கே நிக்க மாட்டேன். ஆனா நோன்பு வரைக்கும் நான் இங்கே இருந்துட்டு வாறேனே. பக்கத்து வீட்டு மக ராத்திரி துணைக்குப் படுத்துக்குறேன்னு சொல்லியிருக்கா."

என் துணைவி ஒன்றும் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீடு அவளுடையது. நான்கு மாதமாக விற்பனை பற்றிப் பேசிய நான், அவளிடம் ஒருமுறைகூட "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். "நோன்புப் பெருநாள் கழியட்டும். அதுக்குள்ளே சுவரைப் பூசி விடுவோம்" என்றாள். அவ்வளவுதான் முடிவு. மாலையிலேயே கொத்தனாரை வரவழைத்து, பூச்சு வேலைக்கும் கதவு வேலைக்கும் முன்பணம் கொடுத்தோம்.

அன்றிரவு ரயிலில் நாங்கள் நால்வர் மட்டுமே திரும்பினோம். திங்கள் முற்பகல் எழும்பூரில் இறங்கி, அரை நாள் விடுப்போடு வேலைக்கும் போய்விட்டேன். இன்னமும் வாடகை வீடுதான். சென்னையில் வீடு வாங்கும் வழி எதுவும் புதிதாகப் பிறந்துவிடவில்லை. ஆனால் தினமும் இரவு மாமி தொலைபேசியில் பேசுகிறார்கள். எந்த வீட்டில் என்ன விசேஷம், யார் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அரை மணி நேரம் பேசுகிறார்கள். இரண்டு ஆண்டுகளாக எங்களோடு இருந்தபோது பேசாத பேச்சு அது.

காயலுக்குச் சென்றுவர விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. மழைக்காலம் ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. உறவினர் இல்லாதோர் திருச்செந்தூரிலோ தூத்துக்குடியிலோ தங்கிப் பேருந்தில் வந்து போகலாம். ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது அவசியம்.

காயல் என்றில்லை. கீழக்கரை, அதிராம்பட்டினம், பரங்கிப்பேட்டை, நாகூர் என நம்மில் பலருக்கும் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பூட்டிய வீடொன்றும் இருக்கிறது. விற்பதோ வைத்திருப்பதோ அவரவர் நிலையைப் பொறுத்தது. ஆனால் விலை பேசும் முன், வீட்டிலுள்ள முதியவரை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் அங்கே தங்கிப் பாருங்கள். நமக்கு ஓய்வு கிடைக்கும். அவர்களுக்கு அதைவிடப் பெரிய ஒன்று கிடைக்கக்கூடும், இன்ஷா அல்லாஹ்.