ஃபியூனேரியா

ஃபியூனேரியா ஐக்ரோமெட்ரிக்கா என்பது மாஸ் வகையைச் சேர்ந்த, பூவும் விதையும் இல்லாத ஒரு சிறு நிலத்தாவரம் ஆகும். உலகின் பெரும்பாலான பகுதிகளில், ஈரமான வெற்று மண்ணிலும் பழைய சுவர்களிலும் இது வளர்கின்றது. தமிழ்நாட்டில் நீலகிரி, பழனி மலைப் பகுதிகளில் காணப்படுகின்றது. தீயில் எரிந்த நிலத்தில் முதலில் குடியேறும் தாவரங்களுள் இதுவும் ஒன்று.

பேச்சு வழக்கில் குளத்தில் மிதப்பது, ஈரச்சுவரில் படர்வது யாவும் பாசி என்றே அழைக்கப்படுகின்றன. ஆனால் தாவரவியலில் பாசி (அல்கா) வேறு, மாஸ் வேறு. மாஸ் தாவரம் தன் கருவைத் தாயுடலிலேயே வைத்து வளர்க்கின்றது. பாசிகளில் இவ்வழக்கம் இல்லை.

பெயர்

இலத்தீன் மொழியில் ஃபூனிஸ் என்றால் கயிறு. இதன் காம்பு காயும்போது கயிறு போல முறுக்கிக்கொள்வதால் இப்பெயர் வந்தது. ஈரம் பட்டால் முறுக்கு அவிழும். பெயரின் இரண்டாம் பகுதி ஈரத்தை அளப்பது எனப் பொருள்படும். மாஸ் தாவரங்களை ஆராய்ந்த யோகான் ஹெட்விக் 1799 இல் மறைந்தார். 1801 இல் வெளிவந்த அவரது நூலே இன்றும் பெரும்பாலான மாஸ் பெயர்களுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றது.

அமைப்பு

நாம் காணும் பச்சைச் செடி கேமீட்டோபைட்டு எனப்படும் பாலணுத் தலைமுறை ஆகும். இதன் செல்களில் ஒரு தொகுதி நிறமூர்த்தங்களே (n) உள்ளன. உயரம் 1 முதல் 3 செ.மீ. வரை இருக்கும். உண்மையான வேர் கிடையாது. ரைசாய்டுகள் என்னும் பல செல் இழைகள் செடியை மண்ணில் பற்றி நிறுத்துகின்றன. இலைகள் தண்டைச் சுற்றிச் சுருள் வரிசையில் அமைந்துள்ளன. நடுநரம்பு தவிர மற்ற இடங்களில் இலையின் தடிமன் ஒரே ஒரு செல் அடுக்கு ஆகும். எனவே மழைநீரை இலைப்பரப்பு நேரடியாக உறிஞ்சுகின்றது. அதே காரணத்தால் வெயிலில் விரைவில் காய்ந்தும் விடுகின்றது. தண்டின் நடுவில் மெல்லிய செல்களாலான ஓர் இழை உண்டு. அதில் லிக்னின் இல்லாததால் அதைச் சைலம் எனக் கொள்வதில்லை.

பாலினப்பெருக்கம்

ஆண், பெண் உறுப்புகள் ஒரே செடியின் வெவ்வேறு கிளைகளில் தோன்றுகின்றன. ஆண் கிளையின் நுனியில், விரிந்த இலைகளின் நடுவே ஆந்தரிடியங்கள் கூட்டமாக அமைந்துள்ளன. பெண் கிளை அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் எழுகின்றது. அதன் நுனியில் நீண்ட கழுத்துடைய குடுவை போன்ற ஆர்க்கிகோனியங்கள் உள்ளன. ஆண் உறுப்புகள் முதலில் முதிர்வதால் ஒரே செடிக்குள் கருவுறுதல் ஓரளவு தவிர்க்கப்படுகின்றது.

ஆண் அணு சுருண்ட வடிவமும் இரு கசையிழைகளும் உடையது. அது நீந்தித்தான் முட்டையை அடைய முடியும். நீர்ப்படலம் இல்லையேல் கருவுறுதல் இல்லை. நிலத்தில் வாழ்ந்தும் மாஸ் நீரைக் கைவிடாத இடம் இதுவே. மழைத்துளி ஆண் கிளையின் கிண்ணம் போன்ற நுனியில் விழுந்து தெறிக்கும்போது ஆண் அணுக்கள் சிறிது தொலைவு பரவுகின்றன. முதிர்ந்த ஆர்க்கிகோனியத்தின் கழுத்துச் செல்கள் கரைந்து வழி உண்டாகின்றது. அதிலிருந்து கசியும் சர்க்கரை ஆண் அணுக்களை ஈர்க்கின்றது. பிரையம் அர்ஜென்டியம் என்னும் வேறொரு மாஸில் நுண்ணிய சிலந்திப்பேன்களும் துள்ளுவாலிப் பூச்சிகளும் ஆண் அணுக்களைச் சுமந்து செல்வது 2006 இல் சோதனை மூலம் காட்டப்பட்டது.

ஸ்போரோபைட்டு

கருமுட்டையிலிருந்து இருமடிய (2n) ஸ்போரோபைட்டு தோன்றுகின்றது. அது தாய்ச்செடியை விட்டு ஒருபோதும் பிரிவதில்லை. அதன் பாதம் பெண் கிளையின் நுனியில் புதைந்து நீரையும் உணவையும் பெறுகின்றது. அதன் மேல் நீண்ட காம்பும் பேரிக்காய் வடிவக் காப்சூலும் உள்ளன. இளம் காப்சூல் பச்சையாக இருப்பதால் தன் உணவில் ஒரு பகுதியைத் தானே தயாரிக்கின்றது. அதன் அடிப்பகுதியில் இலைத்துளைகளும் உண்டு. இரு காப்புச் செல்களுக்குப் பதில் வளையம் போன்ற ஒரே செல் துளையைச் சூழ்ந்திருப்பது இதன் தனிச்சிறப்பு.

காம்பு நீளும்போது ஆர்க்கிகோனியத்தின் சுவர் கிழிந்து, கலிப்ட்ரா என்னும் தொப்பியாக இளம் நுனியை மூடுகின்றது. இத்தொப்பி தாயின் திசு ஆகும். இதன் மெழுகுப் படலத்தை நீக்கி, உலர்ந்த சூழலுக்கு உட்படுத்திய ஸ்போரோபைட்டுகள் குறைவாகவே பிழைத்தன என்று 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகின்றது. தாய்க்காப்பு என்பது இங்கு வெறும் உவமை அன்று.

காப்சூலினுள் குன்றல் பிரிவின் மூலம் ஸ்போர்கள் உண்டாகின்றன. முதிர்ந்ததும் மூடி கழன்று, உள்ளும் புறமுமாக இரு வரிசைப் பற்கள் வெளிப்படும். வரிசைக்கு 16 பற்கள். வறண்ட காற்றில் பற்களின் இடுக்குகள் விரிந்து ஸ்போர்கள் சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. ஈரக்காற்றில் இடுக்குகள் மூடிக்கொள்கின்றன. கருவுற மழை வேண்டும், பரவ வறட்சி வேண்டும் என்ற இரு தேவைகளையும் இத்தாவரம் இவ்வாறு நிறைவு செய்கின்றது.

வளர்ச்சி

ஈர மண்ணில் விழுந்த ஸ்போர் நேரடியாகச் செடியாவதில்லை. முதலில் புரோட்டோனீமா என்னும் பச்சை இழையாகக் கிளைக்கின்றது. இந்நிலையில் இதை இழைப்பாசி என்று கருதி ஏமாறுவது எளிது. குறுக்குச் சுவர்கள் நேராக உள்ள குளோரோனீமா இழைகள் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. பின்னர் தோன்றும் காலோனீமா இழைகளில் சுவர்கள் சாய்வாக இருக்கும். இவற்றில் சைட்டோகைனின் என்னும் வளர்ச்சிப்பொருளின் தூண்டுதலால் மொட்டுகள் உருவாகி, ஒவ்வொன்றும் ஒரு செடியாகின்றது. ஒரு ஸ்போரிலிருந்து பல செடிகள் எழுவதாலேயே மாஸ் மெத்தை போல் படர்கின்றது.

இரு தலைமுறைகளும் மாறி மாறி வரும் இச்சுழற்சியை மாஸ், பெரணி, ஊசியிலை மரங்கள் ஆகியவற்றில் ஒப்பிட்டு 1851 இல் விளக்கியவர் வில்லெம் ஒஃப்மைசுட்டர். லைப்சிக் நகரில் தந்தையின் இசைநூல் வணிகத்தில் பணிபுரிந்தபடியே தாவரவியலைத் தாமே கற்றவர் அவர். பின்னர் 1920களில் ஃபிரிட்சு ஃபான் வெட்சுடைன் ஃபியூனேரியாவின் ஸ்போரோபைட்டுத் துண்டுகளிலிருந்து ஸ்போர் இன்றியே புரோட்டோனீமாவை வளர்த்து, இருமடிய கேமீட்டோபைட்டுகளைப் பெற்றார். எனவே ஒரு தலைமுறையின் வடிவத்தை நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது தெளிவாயிற்று.