கடலோரத்தில் கூடாரம் போடப் போகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

பிரான்சில் சுமார் 8,000 கேம்ப்சைட்டுகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் வேறெந்த நாட்டிலும் இத்தனை கிடையாது! கோடை வந்தால் போதும், பிரிட்டனிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரில் சட்டிபானையோடு கிளம்பிவிடுகிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்குத்தான் குழப்பம். விளம்பரப் படத்தில் எல்லாக் கடலும் நீலமாக, எல்லாக் குழந்தையும் சிரித்தபடியே இருக்கும். படத்தில் வராத சங்கதிகள்தான் விடுமுறையை ஆக்குவதும் கெடுப்பதும். அவற்றில் எத்தனை உங்களுக்குத் தெரியும்?

கூடாரமடிக்கும் பொழுதுபோக்கைத் தொடங்கிவைத்தவர் ஒரு தையற்காரர், தெரியுமா?

லண்டன் தையற்காரர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங், சிறுவனாக இருந்தபோது 1853-ல் மாட்டு வண்டிக் கூட்டத்தோடு அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்தவர். அந்த ருசி விடவில்லை. 1901-ல் சைக்கிளில் போய்க் கூடாரமடிப்பவர்களுக்கென்று சங்கம் ஆரம்பித்தார்; 1908-ல் கையேடே எழுதிவிட்டார். இன்னொன்று கேளுங்கள்: சொகுசுக்குப் பேர்போன ‘கிளப் மெட்’ 1950-ல் ஸ்பெயினின் மஜோர்க்கா தீவுக் கடற்கரையில் பிறந்தபோது, விருந்தாளிகள் தூங்கியது ராணுவம் கழித்துக்கட்டிய கூடாரங்களில்!

கடல் காணாமல் போகும், தெரியுமா?

‘கடலுக்கு எதிரிலேயே இடம்’ என்று நம்பி வடமேற்குப் பிரான்சின் பிரிட்டனி பக்கம் பதிவு செய்கிறீர்கள். மதியம் போய்ப் பார்த்தால் கடலைக் காணோம்! கண்ணுக்கெட்டிய தூரம் ஈரமணல்தான். அங்குள்ள சான் மாலோ பகுதியில் பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அதாவது நான்கு மாடி உயரம். அதே பிரான்சின் தெற்கே, மத்தியதரைக் கடலில், இந்த ஏற்ற இறக்கம் சில பத்து சென்டிமீட்டர்தான்.

இன்னும் வியப்பு வேண்டுமா? பிரான்சின் மேற்கே வாந்தே கரையிலிருந்து நுவார்முத்தியே தீவுக்குப் போகும் ‘பசாஜ் து குவா’ சாலை, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம், தினமும் இரண்டு முறை கடலுக்குள் மூழ்கும்! நேரம் தப்பி மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறி உட்காருவதற்கென்றே வழியில் மேடை வைத்த கம்பங்களை நட்டிருக்கிறார்கள். வாடகைக்கு முன்னால் ஓத அட்டவணையைப் பாருங்கள் என்பது இதனால்தான். மணலில் சிப்பியும் நண்டும் தேடுகிற பிள்ளைகளுக்கு வற்றிய கடல் கொண்டாட்டம். நாள் முழுக்க நீந்த வேண்டும் என்கிற பிள்ளைகளுக்குத் தெற்குக் கரை.

அமைதியான குட்டைதான் ஆபத்து, தெரியுமா?

தென்மேற்கில் லாந்த் கடற்கரை. அட்லாண்டிக் அலை ஆளுயரத்துக்கு எழும். கரையோரத்தில் மட்டும் ஆங்காங்கே அலையே இல்லாத அழகான குட்டைகள். ‘குழந்தைக்கு இதுதான் சரி’ என்று தோன்றுகிறதா? நில்லுங்கள்! உள்ளூர்க்காரர்கள் ‘பாயின்’ என்று சொல்லும் இந்தக் குட்டைகளில் சேரும் நீர், ஓதம் மாறும்போது ஒரே வாய் வழியாகக் கடலுக்குப் பாய்கிறது. நீந்துபவரையும் சேர்த்து இழுத்துப் போகிறது. இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைக்கக் கூடாது; மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். சிவப்பும் மஞ்சளுமான செவ்வகக் கொடிகள் இரண்டுக்கு இடையில், உயிர்காப்பாளர் கண்ணெதிரே மட்டும் குளியுங்கள். கேம்ப்சைட்டுக்கு அருகில் காவலுள்ள கடற்கரை இருக்கிறதா, எந்தெந்த மாதங்களில் காவல் என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

நிழல் தரும் காடே மனிதன் நட்டது, தெரியுமா?

லாந்தின் கேம்ப்சைட்டுகளுக்கு நிழல் தரும் பைன் காடு இயற்கையாக வந்ததல்ல. ஒருகாலத்தில் சதுப்பும் ஓடும் மணலுமாக இருந்த நிலம். சதுப்பை வற்றவைக்கவும் மணலைக் கட்டிப்போடவும் மரம் நட்டார்கள். 1857-ல் சட்டமே வந்தது. இன்று சுமார் 10 லட்சம் ஹெக்டேர்! ஆனாலும் மணல் அடங்கவில்லை. நூறு மீட்டர் உயரத்தில் நிற்கும் பிலா மணல்மேடு, ஆண்டுக்குச் சில மீட்டர் கிழக்கே நகர்ந்து காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டே போகிறது.

2022 ஜூலையில் அதன் அடிவாரத்தில் தீப்பிடித்து கேம்ப்சைட்டுகள் எரிந்தன. ஆயிரக்கணக்கானவர்களை முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர்கள் தப்பின. பைன் நிழல் வேண்டும்தான். கரி அடுப்புக்கு அனுமதி உண்டா, அவசர வழி எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு பத்துக்கும் வெயில், தெரியுமா?

ஜூன் கடைசியில் பிரெஸ்ட் நகரில் சூரியன் மறைவது இரவு 10.20 வாக்கில்! நாட்டின் மேற்குக் கோடியில் இருந்துகொண்டு, கிழக்கே பெர்லின் காட்டும் மணியையே காட்டுவதால் வரும் வினை. 1940-ல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது திருப்பிய கடிகாரம் அது. பெரியவர்களுக்கு நீண்ட அந்திப்பொழுது வரம். எட்டு மணிக்குத் தூங்கும் குழந்தைக்கோ டென்ட் முழுக்கப் பளபளவென்று வெளிச்சம். உள்ளறை கறுப்புத் துணியாலான டென்டாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு கெட்டில் மின்சாரத்தையே நிறுத்தும், தெரியுமா?

பல கேம்ப்சைட்டுகளில் ஓர் இடத்துக்கு 6 ஆம்பியர்தான் தருவார்கள். கணக்குப் போடுங்கள்: 230 வோல்ட்டில் 1,380 வாட். வீட்டிலுள்ள கெட்டில் 2,000 வாட். சுவிட்சைப் போட்டதும் ‘டக்’! டீயும் இல்லை, விளக்கும் இல்லை. குறைந்த வாட் கெட்டில் ஒன்று போதும். விமானத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று: கேஸ் கேட்ரிட்ஜை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது; போய்ச் சேர்ந்த பிறகுதான் வாங்க வேண்டும்.

தொளதொள டவுசருக்குத் தடை, தெரியுமா?

பிரான்சில் பெரும்பாலான நீச்சல் குளங்களில் முழங்கால்வரை தொங்கும் டவுசரோடு இறங்க முடியாது. தெருவில் போட்டு அலைந்த அழுக்கு குளத்துக்கு வரும் என்பது காரணம். உடம்போடு ஒட்டிய நீச்சலுடைதான். அப்பாக்கள் கூச்சப்பட்டுப் பயனில்லை! இன்னும் கூச்சம் வேண்டுமென்றால், கேம்ப்சைட்டின் பெயரோடு ‘நாச்சுரிஸ்த்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே நீச்சலுடையே கிடையாது. 1950-ல் மோந்தாலிவேயில் தொடங்கிய குடும்ப மரபு அது!

நட்சத்திரம் கடலை அளப்பதில்லை, தெரியுமா?

கேம்ப்சைட்டுகளுக்கு ஒன்று முதல் ஐந்துவரை நட்சத்திரம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. ஆனால் அது எண்ணுவது வசதிகளை. கடல் எவ்வளவு தூரம், நிழல் உண்டா, பக்கத்து டென்டில் யார் என்பதெல்லாம் அதில் வராது. வரைபடத்தை வாங்கிக் கழிப்பறை எங்கே என்று விரல் வைத்துப் பாருங்கள். நள்ளிரவில் நான்கு வயதுப் பிள்ளை எழுப்பும்போது ஐந்து நட்சத்திரமும் உதவாது, ஐம்பது தப்படி தூரம்தான் உதவும். எட்ட இருந்தாலும் தொல்லை, ஒட்டி இருந்தாலும் தொல்லை!

மணலில் முளை நிற்காது, தெரியுமா?

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், டென்ட் எம்மாத்திரம்? டென்டோடு வரும் மெல்லிய கம்பி முளை கடற்கரை மணலில் வெண்ணெயில் கத்தி போல வந்துவிடும். நீளமான, அகலமான முளை வாங்குங்கள். ஆசைப்பட்டு நேரே கடற்கரையிலேயே கூடாரமடித்துவிடாதீர்கள். பிரெஞ்சுக் கரையில் அது சட்டப்படி குற்றம்.

அப்படியென்றால் முதல்முறை எங்கே?

என் ஓட்டு வாந்தேயின் சான் ஜான் து மோனுக்கு. நீண்ட மணற்கரை, மெல்லச் சரியும் கடல், பின்னாலேயே பைன் காடு. ஜூன் பின்பாதியில் போனால் பிரெஞ்சுப் பள்ளிகள் இன்னும் மூடியிருக்காது. கூட்டமும் வாடகையும் குறைவு. குளமும் குழந்தைகள் கிளப்பும் திறந்திருக்குமா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். டென்ட் வாங்கவும் அவசரப்பட வேண்டாம். கட்டில், அடுப்போடு தயாராக அடித்துவைத்த கூடாரத்தை வாடகைக்கு விடும் பிரிட்டிஷ் நிறுவனங்கள் 1960-களிலிருந்தே இருக்கின்றன. மூன்றே இரவு அதில் தங்கிப் பாருங்கள். நான்காம் நாள் பிள்ளைகள் கிளம்ப மறுத்தால், அப்போது வாங்கலாம் சொந்த டென்ட்!