சிறு மீன்கள் சினையிடும் இடம்

வயல் வரம்பிலே நடந்து வளர்ந்த உருத்திரபுரத்தார்க்குக் கடல் தூரத்து உறவினரைப் போன்றது. சந்தையிலே சூடையையும் நெத்தலியையும் சாளையையும் வாங்குகின்றோம். அவை எங்கே பிறந்தன என்று வினவுவார் மிகச் சிலர். கமக்காரன் நிலமும் நீரும் பருவமும் பார்த்து விதைக்கின்றான். மீனினமும் அவ்வாறே இடமறிந்து விதைக்கின்றது என்றால் மிகையன்று. ஆயின் அது சிந்தித்துச் செய்யும் செயலன்று. தகாத இடத்தில் சினையிட்டவற்றுக்குச் சந்ததி எஞ்சவில்லை. எஞ்சியவை தக்க இடம் நாடியவற்றின் வழிவந்தவை. அவ்வளவே.

சாளையின் முட்டை கண்ணாடி போலத் தெளிந்து, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவினதாய் நீரில் மிதப்பது. நெத்தலியின் முட்டையோ உருண்டையாயன்றி நெல்மணியை ஒப்ப நீண்டிருக்கும். வெப்பக் கடல்களில் இம்முட்டைகள் ஒரு நாளளவிலேயே பொரிக்கின்றன. பொரித்த குஞ்சுக்கு மஞ்சட் கரு என்னும் கட்டுச்சோறு இரண்டு மூன்று நாட்களுக்கே போதும். அது தீருமுன் வாய்க்கெட்டும் தூரத்தில் நுண்ணிய மிதவையுயிர்கள் இல்லையேல் குஞ்சு மடியும். ஓராண்டின் மீன்வளம் பெரும்பாலும் இத்தொடக்க நாட்களிலேயே தீர்மானமாகின்றது என்று நோர்வே நாட்டு அறிஞர் யோகான் யோர்ட் 1914இல் எடுத்துரைத்தார்.

உணவு கடலில் இருந்தால் மட்டும் போதாது. ஓரிடத்தில் அடர்ந்திருத்தல் வேண்டும். கலிபோர்னியக் கடலில் நெத்தலிக் குஞ்சுகளை ஆராய்ந்த றூபன் லாஸ்கர், அமைதியான நீரில் படையாகத் திரண்டிருந்த உணவைப் புயலொன்று கலைத்துவிட, குஞ்சுகளுக்கு வேண்டிய செறிவு இல்லாதொழிந்ததை 1970களிற் கண்டார். பின்னர் அன்ட்றூ பேகன், நீரை வளமூட்டல், உணவைத் திரட்டல், குஞ்சுகளை விலகியோடாது தடுத்துவைத்தல் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த இடமே சினைக்கு உகந்தது என்று வகுத்துக் காட்டினார்.

மலையாளக் கரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சோழகக் காலத்தில் காற்றின் உந்துதலாலும் பூமியின் சுழற்சியாலும் மேல்நீர் கரையை விட்டு விலக, ஆழத்துக் குளிர்நீர் உரச்சத்தோடு மேலெழுகின்றது. அங்குள்ளார் மத்தி என்று போற்றும் நெய்ச்சாளை அப்பருவத்தையொட்டியே சினையிடுகின்றது. வளமூட்டும் அந்நீரே அளவு மீறினால் உயிர்வாயு குறைந்த நீரைக் கரைக்குக் கொணர்ந்து கேடு செய்வதும் உண்டு. கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 இலட்சம் தொன் பிடிபட்ட மத்தி, 2021இல் 4,000 தொன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. கடல் வெப்பமடைந்ததும் குஞ்சுகளை அள்ளிப் பிடித்ததும் காரணங்களுட் கூறப்படுகின்றன.

நமது பாக்கு விரிகுடாவின் இயல்பு வேறு. ஆழமற்ற இக்கடலில் காற்றடித்தால் அடிமண் வரை கலங்கும். வாடைக் காலத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் இதனுட் புகுகின்றது. உப்புச் செறிந்த நீரில் மிதக்கும் முட்டை, நீர் இளகினால் தாழ்ந்து சேற்றில் அமிழக்கூடும். முரல் மீனோ வேறு உபாயம் கொண்டது. அதன் முட்டைகளிலுள்ள நார்கள் கடற்புற்களிலும் பாசியிலும் பற்றிக்கொள்ளும். அடிமடி இழுவை வலை அப்புற்றரையை உழுது செல்லும்போது தொட்டிலே போய்விடுகின்றது. இவ்விழுவை முறை இலங்கையில் 2017இற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

இனி நமக்கு அணித்தான செய்திக்கு வருவோம். இரணைமடுவின் மிகைநீர் கனகராயன் ஆற்றின் வழியே ஆனையிறவுக் களப்பையடைந்து, சுண்டிக்குளத்து மணற்றடை உடையும்போது கடலோடு கலக்கின்றது. களப்பில் வளர்ந்து பருவமெய்திய மணலை மீன் சினையிடக் கடலுக்குச் செல்லல் வேண்டும். அதன் முட்டை நன்கு மிதப்பதற்குக் கடலின் உப்பு வேண்டும். குஞ்சுகளோ வளர்வதற்குக் களப்புக்கே மீளும். வாயில் திறவாத ஆண்டில் தாயும் வெளியேறாள், சேயும் உட்புகாது.

பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கான ஆற்றுத்திட்டம், இக்களப்பை நன்னீராக்கிக் குடாநாட்டுக் கிணறுகளை உவரினின்றும் காக்க எண்ணியது. அது முழுமை பெறவில்லை. அந்நோக்கத்தைக் குறைகூற யான் முன்வரேன். உவர்க் கிணற்று நீரைக் குடித்தவர்க்கே அதன் அருமை தெரியும். எனினும் தடையணையின் செலவுக் கணக்கில் சீமேந்தும் கல்லும் எழுதப்படுமளவு மீன் எழுதப்படுவதில்லை என்பதையும் சொல்லாதிருக்க இயலவில்லை. நமது மதகுகளிற் பாயும் நீரும் அதே கணக்கைச் சேர்ந்ததே.

முல்லைத்தீவு நந்திக்கடலில் வட்டுவாகல் முகத்துவாரத்தைப் பெருமழையின் பின் வெட்டி விடுவது வழக்கம். வயல் மூழ்கினவர் இன்றே வெட்டுக என்பார். களப்பு மீனும் இறாலும் வளரட்டும் என்று காத்திருப்பவர் சற்றே பொறுக்க என்பார். வெட்டும் நாளைக் குறிக்கும்போது நீர்மட்டத்தோடு நீரின் உப்பையும் அளந்து பார்ப்பார்களாயின், இருசாராருக்கும் பேசுவதற்கு ஓர் அளவுகோலாவது கிடைக்கும். அதற்கு வேண்டியது ஒரு போத்தல் நீரும், நமது ஆய்வுகூடத்தில் உள்ளது போன்ற ஒரு நீரடர்த்திமானியுமே.