சின்ன ஊருக்கு இருபாலர் பள்ளியே பலம்

ஸ்ரீரங்கத்து ஆண்கள் மேல்நிலைப்பள்ளி 1896-இல் தொடங்கியது. எழுத்தாளர் சுஜாதா படித்த பள்ளி. பெண்களுக்கு அங்கே தனிப் பள்ளி உண்டு. காவிரிப் பாலத்தைக் கடந்தால் பையன்களுக்கு செயின்ட் ஜோசப், பெண்களுக்கு ஹோலி கிராஸ், சாவித்திரி வித்யாசாலை என்று வரிசையாக இருக்கின்றன. ஜனத்தொகையும் டவுன் பஸ்ஸும் உள்ள திருச்சிக்கு இந்தப் பிரிவினை கட்டுப்படியாகும். ஆனால் அதே வழக்கத்தைச் சின்ன ஊர்களுக்கும் கொண்டுபோய், 'அரசு ஆண்கள்', 'அரசு பெண்கள்' என்று இரண்டு பலகை மாட்டியதில் பல இடங்களில் இரண்டு பள்ளிகளும் மெலிந்துவிட்டன. சின்ன ஊரில் ஆறு முதல் பன்னிரண்டு வரை இருபாலரும் படிக்கும் ஒரே அரசுப் பள்ளி இருப்பதுதான் பிள்ளைகளுக்கு லாபம் என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் பணியிட நிர்ணயத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று பள்ளியில் எத்தனை மாணவர்கள் என்று பார்த்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று கணக்கிடுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆகி, பணிநிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். ஓர் ஊரில் பிளஸ் ஒன்னில் உயிரியல் கேட்கும் பையன்கள் பதினைந்து பேர், பெண்கள் இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பள்ளியென்றால் நிறைவான ஒரு வகுப்பு, ஒரு நல்ல ஆய்வகம், இயற்பியல், வேதியியலுக்கு முதுகலை ஆசிரியர்கள். இரண்டாகப் பிரித்தால் எந்தப் பக்கமும் அந்த குரூப்பை நம்பி நடத்த முடியாது. குரூப் இல்லாத ஊரில் வசதியுள்ளவர் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்; வசதியில்லாத வீட்டுப் பெண் கிடைத்த குரூப்பில் சேர்ந்துகொள்கிறாள். மாற்றியவருக்கும் நஷ்டம் உண்டு. 2020 சட்டப்படி மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு உரியது.

சேர்ந்து படித்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள், மதிப்பெண் குறையும் என்கிறார்கள். மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் ஒரு முடிவு வெளிவந்தது. குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், தனிப் பள்ளிகளால் பெரிய ஆதாயம் இல்லை என்பது அதன் சாரம். எதிர்ச்சான்றும் இருக்கிறது: தென்கொரியாவின் சியோலில் குலுக்கல் முறையில் பள்ளி ஒதுக்கப்பட்ட மாணவர்களில், தனிப் பள்ளியில் படித்தவர்கள் நுழைவுத் தேர்வில் சற்று முன்னே நின்றார்கள். ஆனால் சியோல் பெருநகரம். அங்கே இரண்டு வகைப் பள்ளியிலும் ஆசிரியர் இருப்பார். நம் சின்ன ஊரில் அந்த உத்தரவாதம் கிடையாது.

பெற்றோரின் பாதுகாப்புக் கவலை மதிப்பெண்ணைவிடப் பெரியது. அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தாழ்ப்பாள் சரியாக விழாத, தண்ணீர் வராத கழிப்பறை உள்ள பள்ளிக்கு வயதுவந்த பெண்ணை அனுப்பத் தாய் தயங்குவது நியாயம். ஆனால் பெண்கள் பள்ளி என்பதாலேயே தாழ்ப்பாள் சரியாகிவிடாது. புகாரைக் கேட்க ஆள், மாதவிடாய் நாளுக்கு வசதி, பேருந்து வரும் நேரத்துக்கு ஏற்ற பள்ளி நேரம் எல்லாம் எந்தப் பள்ளிக்கும் தேவை. ஒரே வளாகம் என்றால் ஒரே இடத்தில் கேட்டு வாங்கலாம். கேரளத்தில் குழந்தை உரிமை ஆணையம் 2022-இல் எல்லாப் பள்ளிகளையும் இருபாலர் பள்ளி ஆக்கச் சொன்னபோதும் கழிப்பறை முதலிய வசதிகளைச் சேர்த்தே வலியுறுத்தியது. திருச்சிக்கு அருகே துவாக்குடியில் அரசு நடத்தும் மாதிரிப் பள்ளியிலும் பையன்களும் பெண்களும் சேர்ந்தே படிக்கிறார்கள். பொறுக்கி எடுத்த மாணவர்களுக்கு ஏற்றது மற்றவர்களுக்கு ஏன் ஆகாது?

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உங்கள் ஊரில் இரண்டு பள்ளிகளும் ஆளின்றித் தவித்தால், அடுத்த கூட்டத்தில் இணைப்பைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கழிப்பறையையும் ஆய்வகத்தையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள்.