உங்கள் பெயரில் திறந்திருக்கும் வாசல்

இரவில் உறங்கச் செல்லுமுன் கதவைத் தாழிட்டோமா, எரிவாயு அடுப்பை அணைத்தோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிறோம். ஆனால் கூடத்தின் மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சிறிய வைஃபை பெட்டியைக் குறித்து நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? அதுவும் வீட்டின் ஒரு வாசலே. மரக்கதவு வாசற்படியோடு நின்றுவிடும். இந்த வாசலோ சுவரைத் தாண்டி, மாடிப்படியைத் தாண்டி, தெருவரைக்கும் திறந்திருக்கிறது. அதன் வழியாக யார் எதைச் செய்தாலும் கணக்கில் பதிவாவது உங்கள் பெயர்தான்.

பிழைப்பின் நிமித்தம் நாகர்கோவில், தென்காசி, திருநெல்வேலி பக்கங்களிலிருந்து திருவனந்தபுரத்திற்கு வந்து குடியேறியிருக்கும் நம் குடும்பங்களில் இன்று இணையம் நுழையாத காரியமே இல்லை. ஊருக்குப் பணம் அனுப்புவதும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்துவதும், ரயில் சீட்டு எடுப்பதும் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகின்றன. கழக்கூட்டத்தில் ஒரே அறையில் நான்கு வாலிபர் தங்கி ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்கின்றனர். கரமனையில் வீட்டுக்காரரின் வைஃபையையே குடித்தனக்காரரும் பயன்படுத்துகின்றனர். கேரள அரசின் கே-ஃபோன் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டபோது, முதற்கட்டமாகத் தொகுதிக்கு 100 வீடுகள் வீதம் 140 தொகுதிகளில் 14,000 ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருவதாக அறிவிக்கப்பட்டது. இவ்விதமாக, முன்பு இந்தப் பெட்டியைக் கண்டிராத வீடுகளுக்குள்ளும் அது வந்துகொண்டிருக்கிறது. வசதி வருவது நல்லதே. அதோடு பொறுப்பும் வருகிறது.

நவி மும்பையில் நடந்தது என்ன?

இந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதை நம் தேசம் அறிந்துகொண்டது 2008ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத் நகரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னதாக, தாக்குதலுக்குப் பொறுப்பேற்று ஒரு மின்னஞ்சல் செய்தி நிறுவனங்களுக்கு வந்து சேர்ந்தது.

இணையத்தில் சேரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் ஒன்று உண்டு. தபாலின் மேலுள்ள முத்திரை, அது எந்த அஞ்சலகத்தில் போடப்பட்டது என்று காட்டுவதுபோல, அந்த எண் மின்னஞ்சல் எந்த இணைப்பிலிருந்து புறப்பட்டது என்று காட்டும். அதைப் பின்தொடர்ந்து சென்ற காவல்துறையினர், நவி மும்பையின் சான்பாடா பகுதியிலுள்ள ஒரு குடியிருப்பு வீட்டின் வாசலில் போய் நின்றனர். அங்கே குடியிருந்தவர் வேலை நிமித்தமாக இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கர் ஒருவர். அவருடைய வைஃபைக்குப் பூட்டு இருக்கவில்லை. அருகில் வந்த யாரோ அந்த இணைப்பில் நுழைந்து மின்னஞ்சலை அனுப்பிச் சென்றிருந்தனர்.

அவருடைய கணினிகள் எடுத்துச் செல்லப்பட்டுச் சோதிக்கப்பட்டன. அவர் மீண்டும் மீண்டும் விசாரிக்கப்பட்டார். அவருடைய பெயரும் படமும் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தன. அவருக்கு இதில் பங்கில்லை என்று புலனாய்வாளர் பின்னர் கண்டனர் என்பது உண்மையே. ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்!

காரியம் அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் வந்த மற்றொரு மின்னஞ்சல் மும்பை மாதுங்காவிலுள்ள ஒரு கல்லூரியின் இணைப்பிலிருந்து புறப்பட்டிருந்தது. செப்டம்பர் 13 அன்று டெல்லியில் குண்டுகள் வெடித்தபோது வந்த மின்னஞ்சல், செம்பூரிலுள்ள ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. மூன்று இடங்களிலும் உரிமையாளர் அறியாமலேயே அவர்களுடைய இணைப்பு பயன்படுத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மும்பைக் காவலர், பூட்டில்லாத வைஃபை இணைப்புகளைத் தெருத்தெருவாகத் தேடிக் கண்டுபிடித்து உரிமையாளரை எச்சரிக்கும் பணியைத் தொடங்கினர். அதே ஆண்டு பிப்ரவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, இணையச் சேவை நிறுவனங்களுக்கு வைஃபை பாதுகாப்பு குறித்த கட்டளைகளைப் பிறப்பித்தது. ரயில் நிலையத்தில் இலவச வைஃபையில் சேரும்போது உங்கள் கைப்பேசி எண்ணைக் கேட்டு, ஓடிபி எண் அனுப்புகிறார்களே, அந்த வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

“நான் எளியவன், என் வீட்டு இணைப்பால் யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்று நீங்கள் கேட்கலாம். சான்பாடாவில் வந்தவர்கள் வீட்டுக்காரரைத் தேடி வரவில்லை. பூட்டில்லாத வாசலைத் தேடி வந்தனர். குண்டு மிரட்டல்தான் என்றில்லை. பிறருடைய பணத்தை ஏமாற்றிப் பறிப்பதற்கும், சட்டம் தடை செய்த ஆபாசப் படங்களை இறக்குவதற்கும் ஒருவன் உங்கள் இணைப்பைப் பயன்படுத்தினால், விசாரணை முதலில் உங்கள் கதவையே தட்டும். வேற்றூரில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவருக்கு அந்தத் தட்டல் எவ்வளவு கலக்கத்தைக் கொண்டுவரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

இவற்றைச் செய்யக் கணினிப் படிப்பு தேவையில்லை. பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் ஒரு முகவரியும், நுழைவுப் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். வைஃபையில் சேர்ந்திருக்கும் கைப்பேசியின் உலாவியில் அந்த முகவரியை இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். இயலாதவர்கள், இணைப்புக் கொடுக்க வரும் பணியாளரிடம் அருகில் நின்று கேட்டுச் செய்துகொள்ளலாம்.

1. இரண்டு கடவுச்சொற்கள் உண்டென்று அறிந்துகொள்ளுங்கள். ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. மற்றொன்று பெட்டியின் அமைப்புகளை மாற்றுவதற்கு. பெரும்பாலோர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டாவதை நிறுவனம் கொடுத்தபடியே விட்டுவிடுகின்றனர். அந்தப் பொதுவான சொல்லை எவரும் எளிதில் ஊகிக்கலாம். பெட்டியின் அமைப்பை மாற்றக் கூடியவன், நீங்கள் வங்கியின் பெயரை இட்டாலும் உங்களை வேறொரு போலிப் பக்கத்திற்கு வழிதிருப்பிவிட முடியும். 2011ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் ஏறக்குறைய 45 லட்சம் மோடம்கள் இவ்விதமாகவே திருத்தப்பட்டதை ஆய்வாளர் கண்டனர்.

2. கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். இணைப்புத் தர வந்தவர் உங்கள் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போயிருந்தால் இன்றே மாற்றுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்தால் உங்களுக்கு நினைவிருக்கும். பிறருக்கு ஊகிப்பது கடினம். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம்.

3. பூட்டின் வகையைப் பாருங்கள். 1997இல் வந்த டபிள்யூ.இ.பி. என்னும் முறை 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2, அல்லது 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 என்பதையே தெரிந்தெடுங்கள். டபிள்யூ.பி.எஸ். என்னும் பொத்தான் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

4. மென்பொருளைப் புதுப்பியுங்கள். பிரேசிலில் திருடர் நுழைந்தது பெட்டியின் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகவே. 2017 அக்டோபரில் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர் ஒருவர் டபிள்யூ.பி.ஏ.2 முறையிலும் ஒரு பழுதைக் கண்டு வெளியிட்டார். நிறுவனங்கள் அதைச் சரிசெய்து புதிய மென்பொருளை அனுப்பின. ஆனால் ஏற்றிக்கொண்டவர்களுக்கே அதனால் நன்மை. புதுப்பிப்பு வருவது முற்றிலும் நின்றுபோன பழைய பெட்டியை மாற்றிவிடுவதே நல்லது.

5. இணைப்புக்கு உங்கள் பெயரையோ வீட்டு எண்ணையோ சூட்டாதிருங்கள். எந்த வாசல் யாருடையது என்று தெருவில் போகிறவனுக்கு நாமே அறிவிக்க வேண்டியதில்லை.

6. விருந்தினருக்குத் தனி இணைப்புக் கொடுங்கள். இன்று விற்கப்படும் பெரும்பாலான பெட்டிகளில் இந்த வசதி உண்டு. வருகிறவர்களை உபசரிப்பது நம் வழக்கம். அதற்காக வீட்டின் எல்லாச் சாவிகளையும் கொடுக்க வேண்டியதில்லையே! பலர் பகிர்ந்து தங்கும் அறையில் ஒருவர் இடம் மாறிச் சென்றால், அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அவரைச் சந்தேகிப்பதால் அல்ல. அவருடைய பழைய கைப்பேசி நாளை யார் கையில் இருக்கும் என்று அவருக்கே தெரியாது என்பதால்.

சபை மண்டபங்களிலும் இது பொருந்தும். ஆராதனையை ஒளிபரப்ப வாங்கிய இணைப்பின் கடவுச்சொல்லைப் பலகையில் எழுதி வைத்திருந்தால் அதை அழித்துவிட்டு, வருகிறவர்களுக்கென விருந்தினர் இணைப்பை வைப்பது நலம். காணிக்கைக் கணக்கு இருக்கும் கணினி அந்த இணைப்பில் சேரக் கூடாது.

பொது இடங்களில் எச்சரிக்கை

தம்பானூரில் ரயிலுக்குக் காத்திருக்கிறோம். ரயில் நிலையத்தில் ரயில்டெல் நிறுவனத்தின் வைஃபை இருக்கிறது. பேருந்து நிலையம், அரசு அலுவலகம் போன்ற இடங்களில் மாநில அரசின் கே-ஃபை இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. கைப்பேசியில் தெரியும் பெயர் உண்மையில் அவர்களுடையதுதானா என்பதே கேள்வி. வைஃபைக்கு எவரும் எந்தப் பெயரையும் சூட்டலாம். அருகில் பெட்டியோடு அமர்ந்திருக்கும் ஒருவன், ரயில் நிலைய இணைப்பைப் போன்ற பெயரில் தன் சொந்த இணைப்பைத் திறந்து வைத்தால், பார்வைக்கு வேற்றுமை தெரியாது.

நம்பிக்கைக்குரிய இடத்தில் நம்பத்தகாத கருவி இருக்கக்கூடும் என்பதைத் திருவனந்தபுரத்தார் முன்பே கண்டிருக்கின்றனர். 2016 ஆகஸ்டில் வெள்ளையம்பலம் ஆல்தறைச் சந்திப்பிலுள்ள ஒரு ஏ.டி.எம். அறையில், புகையை உணரும் கருவிபோலத் தோன்றிய ஒன்றினுள் கேமரா மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அட்டையின் விவரங்களும் இரகசிய எண்களும் திருடப்பட்டு, பலருடைய பணம் மும்பையில் எடுக்கப்பட்டது. ருமேனியா நாட்டவர் ஒருவர் மும்பையில் கைதானார். ஏ.டி.எம். அறைக்குள் நுழைந்தவர் ஒருவரும் கூரையிலிருந்த கருவியைச் சந்தேகிக்கவில்லை. ஏனெனில் அது இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதாகவே தோன்றியது.

போலி வைஃபையும் அவ்வாறே. 2024இல் ஆஸ்திரேலியக் காவல்துறை ஒருவர்மேல் வழக்குத் தொடர்ந்தது. பெர்த், மெல்போர்ன், அடிலெய்ட் விமான நிலையங்களிலும் விமானப் பயணங்களிலும் மெய்யானவற்றைப் போன்ற பெயரில் வைஃபை திறந்து வைத்து, சேர வந்தவர்களிடம் மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கத்தைக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. விமானப் பணியாளர்கள் சந்தேகமான ஒரு இணைப்பைக் கவனித்ததாலேயே விசாரணை தொடங்கியது.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். பொது வைஃபை முன்பிருந்த அளவுக்கு ஆபத்தானதல்ல. 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்னும் இலவச மென்கருவி வெளியானபோது, ஒரே வைஃபையில் அமர்ந்திருக்கும் பிறருடைய ஃபேஸ்புக் கணக்குக்குள் எவரும் நுழைய முடிந்தது. அதன்பின் பெரிய தளங்கள் யாவும் படிப்படியாக மறையாக்க முறைக்கு மாறின. முகவரியின் தொடக்கத்திலுள்ள எச்.டி.டி.பி.எஸ். என்னும் குறியீடு, நீங்கள் அனுப்புவது வழியில் பிறரால் வாசிக்க முடியாதபடி முத்திரையிடப்பட்டது என்று சொல்கிறது. ஆனால் கவனியுங்கள்: கடிதம் முத்திரையிடப்பட்டிருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது, பெற்றுக்கொள்கிறவன் யோக்கியன் என்று அது சொல்வதில்லை. திருடனும் தன் போலிப் பக்கத்திற்கு அந்தக் குறியைப் பெறலாம். ஆகவே வெளியிடங்களில் இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• இணைப்பின் சரியான பெயரை அறிவிப்புப் பலகையிலோ பணியாளரிடமோ கேட்டு அறியுங்கள்.

• வைஃபையில் சேர்வதற்குக் கைப்பேசி எண்ணும் அதற்கு வரும் ஓடிபியும் கேட்கப்படலாம். ஆனால் ஜிமெயில், ஃபேஸ்புக் கடவுச்சொல்லோ, அட்டை எண்ணோ, யுபிஐ இரகசிய எண்ணோ கேட்டால் உடனே விலகுங்கள். வந்த ஓடிபி எதற்கென்று குறுஞ்செய்தியை முழுமையாக வாசித்தபின்பே இடுங்கள்.

• வங்கி, பணம் அனுப்புதல் ஆகியவற்றுக்கு வைஃபையை அணைத்துவிட்டு உங்கள் சிம்மின் டேட்டாவைப் பயன்படுத்துங்கள். பத்து ரூபாய் டேட்டாவை மிச்சப்படுத்தப் போய் பத்தாயிரத்தை இழக்க வேண்டாம்.

• “இந்தத் தளத்தின் சான்றிதழ் சரியல்ல” என்ற எச்சரிக்கை வந்தால், அதை மீறித் தொடராதிருங்கள். சேர்வதற்குச் செயலி ஒன்றை இறக்கச் சொன்னாலும் செய்யாதிருங்கள்.

• வேலை முடிந்ததும் அந்த இணைப்பை மறந்துவிடும்படி கைப்பேசிக்குச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதே பெயரை எங்கு கண்டாலும் அது தானாகவே சேர்ந்துகொள்ளும்.

இழப்பு நேர்ந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதிருங்கள், வீட்டாரிடம் சொல்லத் தயங்கிக் காலம் கடத்தாதிருங்கள். பணம் போனதை அறிந்த உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். திருடப்பட்ட பணம் கைமாறிப் போகுமுன் வழியிலேயே நிறுத்தி வைக்க முயற்சி செய்வதற்காகவே இந்த எண் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். வங்கிக்கும் உடனே அறிவித்து, புகார் எண்ணைப் பெற்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிமேலும் வாடிக்கையாளர்மேலும் பிழையில்லாமல் நேர்ந்த திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தவருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று விதி வகுத்தது. அறிவித்த நேரத்திற்கு எவ்வளவு மதிப்பு உண்டென்று இதிலிருந்தே விளங்கும்.

அன்பானவர்களே, ஊரை விட்டு வந்து நல்ல பெயரோடு வாழ்வதற்கு நாம் எவ்வளவோ பாடுபடுகிறோம். அந்தப் பெயர் இன்று காற்றலையிலும் உலாவுகிறது. அதைக் காப்பதற்குத் தேவையானது அரைமணி நேரமும், ஒரு நல்ல கடவுச்சொல்லும்தான். இந்த வாரத்திலேயே ஒரு மாலைப் பொழுதில் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு, மூலையிலிருக்கும் அந்தப் பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியுள்ள சீட்டை வாசித்துப் பாருங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.