முத்திரை சொல்வதும் சொல்லாததும்

கடந்த விடுமுறையில் எங்கள் குளியலறைத் தரைக்குப் பதிப்பதற்காக வாப்பா டைல்ஸ் வாங்கி வந்தார். பெட்டியின் மூலையில் 'சீ.ஈ.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கள் அச்சிடப்பட்டிருந்தன. "ஐரோப்பா முத்திரை இருக்கு மகள், அப்ப நல்ல சாமான்தான்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பம் கற்பவள் என்பதால் அதைப் பற்றித் தேடி வாசித்தேன். எங்கள் இருவரது எண்ணமும் பிழை என்று அப்போதுதான் தெரிந்தது.

சீ.ஈ. என்பது ஐரோப்பிய ஒன்றியச் சந்தையில் விற்கப்படும் பல பொருட்களில் காணப்படும் இணக்க அடையாளமாகும். விளையாட்டுப் பொருளொன்றில் அது இருந்தால், பாதுகாப்புக்கான சட்டத் தேவைகளை அப்பொருள் நிறைவேற்றுகிறது என்று தயாரிப்பாளர் பொறுப்பேற்றுள்ளார் என்று அர்த்தம். கட்டடப் பொருட்களில் அதன் அர்த்தம் வேறு. 2013 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த, 2011ஆம் ஆண்டின் 305ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி, ஒன்றியத்தின் பொது நியமத்துக்குள் அடங்கும் கட்டடப் பொருளுக்குத் தயாரிப்பாளர் 'செயற்றிறன் பிரகடனம்' ஒன்றை எழுத வேண்டும். எவ்வளவு பாரம் தாங்கும், தீப்பற்றினால் எப்படி எரியும் போன்ற விபரங்கள் அதில் இருக்கும். பிரகடனம் இல்லாமல் முத்திரை இட முடியாது. ஆகவே முத்திரை சொல்வது, "பிரகடனத்தில் எழுதியபடியே பொருள் இருக்கிறது" என்பதை மட்டுமே. உங்கள் தேவைக்கு அது போதுமா என்று அது சொல்வதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. ஒரே பொருள் ஓரிடத்துக்குப் பொருந்தும், இன்னோர் இடத்துக்குப் பொருந்தாது. மழமழப்பான டைல்ஸ் சுவருக்கு அழகு. ஈரத் தரைக்கு ஆபத்து. எங்கே எது பொருந்தும் என்பதை அந்தந்த நாட்டுக் கட்டடச் சட்டமும் கட்டடத்தை வடிவமைப்பவரும் தீர்மானிக்க வேண்டும். அத்துடன், எல்லா இயல்புகளையும் அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விற்கப்படும் நாட்டின் சட்டம் கேட்காத இயல்புக்கு நேரே 'செயற்றிறன் நிர்ணயிக்கப்படவில்லை' என்று எழுதினாலும் போதும்.

யார் பரிசோதிப்பது என்பதும் பொருளுக்குப் பொருள் மாறும். அந்த ஒழுங்குவிதியில் 1+, 1, 2+, 3, 4 என ஐந்து முறைகள் உள்ளன. சீமெந்து 1+ முறைக்குள் வருகிறது. வெளி நிறுவனமொன்று தொழிற்சாலையையும் மாதிரிகளையும் தொடர்ந்து சோதிக்கும். 4ஆம் முறையில் எல்லாவற்றையும் தயாரிப்பாளரே செய்துகொள்வார். முத்திரை இரண்டுக்கும் ஒன்றுதான்.

காகிதத்தில் எழுதப்படாத ஒரு விடயம் எவ்வளவு பெரிய இழப்பைத் தரும் என்பதை லண்டன் நகரம் கண்டது. 2017 ஜூன் 14 அதிகாலை, 24 மாடிகள் கொண்ட கிரென்ஃபெல் கோபுரத்தின் நான்காம் மாடிச் சமையலறையில் தீப்பிடித்தது. அது ரமழான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அயலவர்களின் கதவுகளைத் தட்டி எழுப்பியதாகச் செய்திகள் வெளிவந்தன. ஆயினும் 72 பேர் உயிரிழந்தார்கள். அதற்கு முன் நடந்த புனரமைப்பில் வெளிச்சுவரில் பொருத்திய அலுமினியப் பலகைகளின் நடுவே பொலிஎதிலீன் இருந்தது. தீ மேலே பரவ அதுவே பிரதான காரணம் என விசாரணை கண்டது. மடித்துத் தொங்கவிடும் வடிவில் அந்தப் பலகை சோதனையில் மிக மோசமாக எரிந்ததைத் தயாரித்த நிறுவனம் மறைத்திருந்தது. வாங்கியவர்கள் நம்பியது சீ.ஈ. முத்திரையை அல்ல, வேறொரு சான்றிதழை; அதில் அந்த முடிவு இருக்கவில்லை. கட்டடப் பொருட்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்த ஒழுங்குவிதிக்குள்ளும் வராதவை என்று 2025இல் பிரித்தானிய அரசே ஏற்றுக்கொண்டது.

இதை வாசித்தபோது நாம் இஸ்லாம் பாடத்தில் கற்ற ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. வாங்குபவர் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என வியாபாரியிடம் கேட்டு, ஏமாற்றுவதைக் கண்டித்தார்கள். செயற்றிறன் பிரகடனத்தின் நோக்கமும் இதுதான்: ஈரம் மேலே தெரிய வேண்டும்.

எமது நாட்டின் எஸ்.எல்.எஸ். முத்திரை இதிலிருந்து வேறுபட்டது. பொருளையும் தொழிற்சாலையையும் பரிசோதித்த பின் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் வழங்கும் அனுமதி அது. பக்கத்தில் இலக்கமும் இருக்கும்: சாதாரண போட்லன்ட் சீமெந்துக்கு 107, கொங்கிரீட்டுக்கான வரிக் கம்பிக்கு 375. முத்திரையோடு இலக்கத்தையும் பார்த்து வாங்குங்கள். எந்த முத்திரையானாலும், "இது எதைச் சோதித்தது? எங்கே பாவிக்க?" என்று கடையில் கேளுங்கள்.

நாங்களும் கேட்டோம். ஈரத்தில் வழுக்குமா என்பதற்குக் கடைக்காரரிடம் பதில் இருக்கவில்லை. வாப்பா ஒரு டைலைத் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, காலை வைத்துப் பார்த்தார். கால் வழுக்கியது. அந்தக் குளியலறையில்தான் எங்கள் உம்மும்மா ஐந்து வேளையும் வுழூச் செய்கிறார். வாப்பா ஒன்றும் பேசாமல் பெட்டிகளை மீண்டும் ஓட்டோவில் ஏற்றினார்.